ஆவியைப் பிடித்த தகர டப்பா

என் ஜீப் 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. ஞாயிறு காலை முதல் வேலை, கூலன்ட் பாட்டிலில் அளவு பார்ப்பதுதான். இதே தத்துவத்தை லிபியப் பாலைவனத்தில் பயன்படுத்தியவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்ட்.

மணல்மேடு ஏறினால் ரேடியேட்டர் கொதித்து ஆவி வெளியே போகும். குடிக்கிற தண்ணியைத்தான் ஊத்தணும். அவர் அந்த ஆவியைக் குழாய் வழியே, பாதி தண்ணீர் நிரப்பிய டப்பாவுக்குத் திருப்பினார். ஆவி அங்கே நீராகும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரே அதைத் திரும்ப உறிஞ்சிக்கும். 1940இல் அவர் தொடங்கிய நெடுந்தூரப் பாலைவனப் படையின் லாரிகளிலும் இந்த டப்பா இருந்தது.

காற்று புகுந்தால் உறிஞ்சாது. அதனால் பழைய வண்டிக்காரங்க ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்க. எஞ்சின் ஆறின பிறகு மட்டும்!