நிறை வேறு, வலிமை வேறு

பாகவத புராணத்திலே ஒரு காட்சி உண்டு. கம்சன் அமைத்த மற்களத்திலே மலை போன்ற மேனியரான சாணூரனும் முட்டிகனும் ஒருபுறம் நிற்கின்றனர். இளம் பருவத்தினரான கண்ணனும் பலராமனும் மறுபுறம் நிற்கின்றனர். முட்டிகன் என்ற பெயரே மூடிய கையாற் குத்துபவன் என்னும் பொருளைத் தருவது. வலியாரையும் மெலியாரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது அறமாகுமோ என்று அவையிலிருந்த பெண்கள் வருந்தினார்களாம். ஆயினும் வீழ்ந்தவர் பெரிய மேனியரே. மிஷன் பாடசாலையிலே தாவீது, கோலியாத்து கதையைக் கேட்டு வளர்ந்த எம் போன்றோர்க்கு இக்காட்சி புதியதன்று. உடலின் நிறைதான் வலிமையோ என்னும் கேள்வி மனித குலத்தின் பழங்கேள்விகளுள் ஒன்று.

இக்கேள்விக்கு ஏட்டிலே விடை தேடுவதைவிட, அதிபார நிறைக் குத்துச்சண்டை வீரரின் வரலாற்றிலே தேடுவது பயன் தரும். ஏனெனில் மற்றைய பிரிவினர்க்கெல்லாம் இன்ன நிறையைத் தாண்டலாகாது என்ற மேல் வரம்பு உண்டு. அதிபார நிறையினர்க்கோ கீழ் வரம்பு மட்டுமே உண்டு. முன்னாளில் 175 இறாத்தலுக்கு மேற்பட்டோர் அனைவரும் இப்பிரிவினர். இந்நாளில் தொழில்முறைப் போட்டிகளில் 200 இறாத்தலுக்கு மேற்பட்டோர் இப்பிரிவினர். (ஓர் இறாத்தல் அரைக் கிலோவிற்குச் சற்றுக் குறைவு.) எவ்வளவு உண்டாலும் தடுப்பார் இல்லை. ஆதலால் நிறைக்கும் வலிமைக்கும் உள்ள உறவை இவர்களிடமே தெளிவாகக் காணலாம்.

கையுறை அணிந்து, மூன்று நிமிடச் சுற்றுகளாகப் போரிடும் முறையைக் குவீன்ஸ்பெரி விதிகள் 1867 இல் வகுத்தன. அவ்விதிகளின்படி 1892 செப்டெம்பர் 7 ஆந் திகதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஜோன் எல். சல்லிவன் தம் உலகப் பட்டத்தைக் காக்க மேடையேறினார். அவர் நிறை 212 இறாத்தல். எதிர்த்து நின்ற ஜேம்ஸ் கோர்பெற் 178 இறாத்தல் மட்டுமே. முன்னர் வங்கியில் எழுதுவினைஞராக இருந்தவர். மதுவாலும் ஓய்வாலும் பருத்திருந்த சல்லிவன் துரத்தித் துரத்திக் களைத்தார். 21 ஆம் சுற்றிலே வீழ்ந்தார். ஐந்தாண்டு கழித்து, 1897 இல், அந்தக் கோர்பெற்றையே 167 இறாத்தல் நிறையுடைய பொப் பிற்ஸிமன்ஸ் வென்றார். 1919 யூலை 4 இல் 187 இறாத்தல் நிறையுடைய ஜக் டெம்ப்சி, 245 இறாத்தல் நிறையுடைய ஜெஸ் வில்லாட்டை முதற் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். 1934 இல் 263 இறாத்தல் நிறையுடைய இத்தாலியர் பிறிமோ கார்னெரா, தம்மினும் ஐம்பது இறாத்தலுக்கு மேற் குறைந்த மக்ஸ் பெயரிடம் பட்டத்தை இழந்தார்.

இவற்றைக் கொண்டு, நிறை பயனற்றது என்று முடிவு கட்டினால் அது பிழை. ஒரே விரைவில் வரும் இரு கைகளுள், பின்னே கூடிய நிறையைக் கொண்ட கையே வலுவாகத் தாக்கும். அதனாலன்றோ நிறைவாரியாகப் பிரிவுகள் வகுக்கப்பட்டன! அவையிலிருந்த பெண்கள் கேட்ட நீதியை விதிகள் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டன எனலாம். நாம் கூறுவது வேறு. நிறை ஒரு மூலதனம். அதைப் பத்து, பன்னிரண்டு சுற்றுகளுக்குச் சுமந்து செலவிட மூச்சு வேண்டும், கால் வேண்டும், பயிற்சி வேண்டும்.

ஜோர்ஜ் போர்மன் என்ற ஒருவரின் வாழ்விலேயே இதற்கு இரு பக்கச் சான்றும் உண்டு. 1974 ஒக்டோபர் 30 இல் ஆபிரிக்காவின் கின்ஷாசா நகரில் அவர் முகம்மது அலியை எதிர்த்தார். போர்மன் 25 வயதினர், 220 இறாத்தல். அலி 32 வயதினர், 216½ இறாத்தல். அலி கயிற்றிலே சாய்ந்து நின்று அடிகளை வாங்கினார். ஆத்திரத்தோடு அடித்தடித்துக் களைத்த போர்மன் எட்டாம் சுற்றிலே சாய்ந்தார். இருபது ஆண்டு கழித்து, 1994 நவம்பர் 5 இல், 45 வயதிலே 250 இறாத்தல் நிறையோடு அதே போர்மன் மைக்கல் மூரரைப் பத்தாம் சுற்றிலே வீழ்த்தி மீண்டும் உலகப் பட்டம் பெற்றார். முதுமையில் அவர் பாரம் கூடியவர். ஆயினும் தம் மூச்சை எண்ணிச் செலவிடக் கற்றிருந்தார்.

இனி நம் அயலுக்கு வருவோம். எம் மன்னார்த் தீவுக்கு அக்கரையிலுள்ள தமிழ்நாட்டிலே, வட சென்னையின் இராயபுரம் முதலிய பகுதிகளில் குத்துச்சண்டை நெடுங்காலமாகப் பரம்பரை பரம்பரையாகப் போற்றப்பட்டு வருகிறது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்ற பெயர்களை 2021 இல் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக இளைஞர் பலரும் அறிவர். அந்தச் சென்னை மாநகருக்கு 1980 ஜனவரியில் முகம்மது அலி வந்தார். பழைய உலக வீரரான ஜிம்மி எல்லிஸுடன் நேரு விளையாட்டரங்கில் அவர் நடத்திய காட்சிப் போட்டியை மக்கள் வெள்ளமாய்த் திரண்டு கண்டுகளித்தனர். அவ்வேளை அலிக்கு வயது 38. போட்டிகளிலிருந்து விலகியிருந்தார், உடல் பருத்திருந்தது. பார்த்தவர்க்கு அது குறையாகத் தோன்றவில்லை. புகழே கண்ணை நிறைத்தது.

அதே ஆண்டில் அவர் மீண்டும் பட்டத்துக்காகப் போரிடத் துணிந்தார். அவர் நிறையோ ஏறத்தாழ 250 இறாத்தலாக இருந்தது. தைரொயிட்டுச் சுரப்பியின் சுரப்பைக் கொண்ட மாத்திரைகள் அவருக்குக் கொடுக்கப்பட்டன. மாதங்களிலே மேனி மெலிந்தது, வயிறு மறைந்தது, நரைக்கும் மை பூசப்பட்டது. 1980 ஒக்டோபர் 2 ஆந் திகதி லாஸ் வேகாஸ் நகரில், முன்னர் தம்மோடு பயிற்சி செய்தவரான லரி ஹோம்ஸுக்கு எதிராக மேடையேறும்போது அலியின் நிறை 217½ இறாத்தல். கின்ஷாசாவில் போர்மனை வென்றபோது இருந்த நிறைக்கும் இதற்கும் வேறுபாடு ஒரே ஓர் இறாத்தல்! தராசைப் பார்த்தவர், பழைய அலி திரும்பிவிட்டார் என்று மகிழ்ந்தனர்.

திரும்பியது நிறை மட்டுமே. கால் அசையவில்லை, கை எழவில்லை. பத்துச் சுற்றுகள் அடி வாங்கியபின், பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். அச்சுரப்பு மாத்திரை கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் கரைக்கிறது, இதயத் துடிப்பை விரைவாக்குகிறது, உடலின் நீரையும் வற்றச் செய்கிறது. அத்தகைய உடலோடு பாலைவன வெப்பத்திலே ஒருவர் அடி வாங்குவதன் அபாயத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அடுத்த ஆண்டு டிசெம்பரில் தம் கடைசிப் போட்டியிலும் அலி தோற்றார். 1984 இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது; 2016 யூன் 3 இல் மறைந்தார். அவருடைய நோய்க்கு அந்த ஒரு போட்டியே காரணம் என்று கூறுதல் நியாயமன்று. ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் அவர் நின்றிருக்க வேண்டியதில்லை என்பதை, அவரை நேசித்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

மருந்தால் மெலிந்து கெட்டவர் கதை இது. சோம்பலாற் பருத்துக் கெட்டவர் கதைகளும் உண்டு. 1990 பெப்ரவரியில் தோக்கியோவில், வெல்லவே முடியாதவர் எனக் கருதப்பட்ட மைக் டைசனை ஜேம்ஸ் டக்ளஸ் 231½ இறாத்தல் நிறையில் வீழ்த்தினார். எட்டு மாதம் கழித்து 246 இறாத்தலோடு வந்து, 208 இறாத்தல் நிறையுடைய இவாண்டர் ஹோலிபீல்டிடம் மூன்றாம் சுற்றிலே வீழ்ந்தார். 2019 யூனில் 268 இறாத்தல் நிறையும் தளர்ந்த வயிறும் உடைய அன்டி றூயிஸ், கட்டுடல் படைத்த அன்ரனி ஜோசுவாவை வீழ்த்தி உலகைத் திகைக்க வைத்தார். டிசெம்பரில் மீண்டும் சந்தித்தபோது றூயிஸ் 283 இறாத்தலுக்கு மேல் இருந்தார். ஜோசுவாவோ பத்து இறாத்தல் குறைத்து, காலை இலகுவாக்கி வந்திருந்தார். பட்டம் கைமாறியது. கொண்டாட்டத்திலே பயிற்சியைக் கைவிட்டதை றூயிஸ் தாமே ஒப்புக்கொண்டார். யூனில் அவரைப் பருத்தவர் என்று நகைத்தவர்களும் தவறினர். பருத்தும் வென்றோமே என்று அவர் மயங்கியதும் தவறாயிற்று.

இவற்றால் எமக்கு வரும் பயன் யாது? எம் நாட்டிலே அதிபார நிறை வீரர் அரியர். 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்த பார்ணி ஹென்றிக்கஸ், 126 இறாத்தலைத் தாண்டாத இறகு நிறைப் பிரிவினர். எமது கரையோரத்தில் கரைவலை இழுப்போரைப் பாருங்கள். அவர்களுட் பலர் மெலிந்த மேனியர். ஆயினும் நனைந்த வலையின் பாரத்தை மணலிலே கால் ஊன்றி நெடுநேரம் இழுக்கின்றனர். அவர்களை எந்தத் தராசில் நிறுப்பது?

இன்றைய இளைஞர் கைத்தொலைபேசியைத் திறந்தாற் போதும். ஒரு மாதத்தில் மெலியலாம் என்று ஒரு மாத்திரையும், ஒரு மாதத்தில் தோள் பருக்கலாம் என்று ஒரு மாவும் விற்பனைக்கு வருகின்றன. நண்பர் நகைத்தார் என்பதற்காக அவற்றை மறைவாக வாங்கி உண்போரும் உளர். உலகம் போற்றிய வீரர்க்கே, உடலிற்குத் தேவையற்ற மருந்தால் வந்த மெலிவு வலிமை ஆகவில்லை. எமக்கு மட்டும் ஆகுமோ? மருத்துவர் ஆராய்ந்து கூறாத எதையும் உடலுக்குள் இடுவதில்லை என்று நாம் உறுதி கொள்ள வேண்டும்.

பெரியோரிடமும் ஒரு விண்ணப்பம். பருத்த பிள்ளையைச் சோம்பேறி என்றும், மெலிந்த பிள்ளையை நோயாளி என்றும் சபையிலே அழைத்தலை விடுவோமாக. அந்தப் பேச்சே பலரை அந்த மாத்திரையிடம் அனுப்புகிறது. எத்தனை இறாத்தல் என்று கேட்பதை விட்டு, இளைக்காமல் எவ்வளவு தூரம் ஓடுகிறாய், எத்தனை மணி நேரம் உறங்குகிறாய், பசித்து உண்கிறாயா என்று கேளுங்கள். வள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்திலும் உணவின் அளவையே பெரிதும் பேசினார் அல்லரோ?

இளைஞரே, அதிகாலையிலே கடற்கரை மணல் எமக்காக விரிந்து கிடக்கிறது; அதற்குக் கட்டணம் இல்லை. முதல் நாள் நூறு அடி ஓடி மூச்சு வாங்கினாலும் வெட்கமில்லை. ஆறு மாதம் கழித்துத் தராசு பழைய இலக்கத்தையே காட்டினாலும் கவலையில்லை. ஓடிய காலும் நிறைந்த மூச்சும் எம்முடையவையாகவே இருக்கும்.