சமையலறை, குளியலறை நிறத் தேர்வு

சமையலறை, குளியலறை நிறத் தேர்வு என்பது, ஒரு வீட்டின் ஈரப் புழக்கம் மிகுந்த அறைகளைப் புதுப்பிக்கும்போது சுவர், தரை, சமையல் மேடை, கதவு முதலியவற்றுக்கு நிறங்களைத் தீர்மானிப்பதைக் குறிக்கும். கூடத்திலும் படுக்கையறையிலும் நிறம் பெரும்பாலும் விருப்பத்தைச் சார்ந்தது. இவ்விரு அறைகளிலோ நீர், உப்பு, எண்ணெய், மஞ்சள், சவர்க்காரம் ஆகியவை நாள்தோறும் மேற்பரப்பைத் தாக்குகின்றன. எனவே பூசிய நாளில் தோன்றும் நிறத்தைவிடச் சில ஆண்டுகள் கழித்து எஞ்சும் நிறமே முதன்மையாகக் கருதப்பட வேண்டியுள்ளது. கடற்காற்று, உவர் நிலத்தடி நீர், தொழிற்சாலைப் புகை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் மாதவரம், மணலி, திருவொற்றியூர், இராயபுரம், எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதிகளில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

சுண்ணாம்பும் பழைய நிறங்களும்

பெயின்ட் பரவலாவதற்கு முன்னர் தமிழ்நாட்டு வீடுகளில் சுவருக்கு வெள்ளையடிப்பதே வழக்கமாக இருந்தது. வடசென்னையை ஒட்டிய கடலோரத்தில் பழவேற்காடு ஏரியின் கிளிஞ்சல்கள் சுண்ணாம்பு தயாரிக்கப் பயன்பட்டன. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. புதிதாகப் பூசிய சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையதாதலால் பூஞ்சை எளிதில் வளர்வதில்லை. ஈரமான அறைகளுக்கு வெள்ளை நிறம் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சுண்ணாம்புடன் கலந்த நிறங்கள் மிகச் சிலவே: காவி, மஞ்சள் காவி, வெளிர்நீலம், ஒருவகைப் பச்சை. இதனை அக்கால மக்களின் எளிய இரசனை என விளக்குவதுண்டு. ஆனால் இதில் வேதியியலின் பங்கே பெரிது. காவி நிறங்கள் இரும்பு ஆக்சைடுகளால் ஆனவை. காரத்தாலும் வெயிலாலும் அவை மாறுவதில்லை. துணிக்கு இடும் நீலமும் காரத்தைத் தாங்கும். பழுப்பேறிய வெள்ளையை எடுப்பாகக் காட்ட அதனைச் சிறிதளவு கலப்பது இன்றும் உள்ள பழக்கம். மாறாக, பிரஷ்ய நீலம் சுண்ணாம்பில் சிதைந்து பழுப்பாகிவிடும். தரைகளில் புகழ்பெற்ற சிவப்பு ஆக்சைடுப் பூச்சும், சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் சிமெண்ட் ஓடுகளும் இதே வகையான காரம் தாங்கும் நிறமிகளையே நம்பியுள்ளன.

மேலைநாடுகளில் குளியலறை வெள்ளையானது வேறு வழியில். நோய்க்கிருமிகள் பற்றிய அறிவு பரவிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அழுக்கு உடனே கண்ணில் படவேண்டும் என்பதற்காக மருத்துவமனைகளிலும் பின்னர் வீடுகளிலும் வெள்ளைப் பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டன.

நீரும் நிறமும்

குளியலறை நிறத்தைத் தீர்மானிப்பதில் நீரின் தன்மைக்கே முதலிடம் தரவேண்டும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்திருப்பது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்டது. காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடைய கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையம் 2010இல் தொடங்கப்பட்டு, குடிநீருக்கு உதவியது. எனினும் குளிக்கவும் துவைக்கவும் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்துகின்றன.

கடின நீர் உலரும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகள் வெண்படலமாகப் படிகின்றன. கறுப்பு, கருநீலம், அடர்பழுப்பு ஆகிய பளபளப்பான ஓடுகளில் இப்படலம் சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். விற்பனைக் கூடங்களில் இவ்வகை ஓடுகளே மிகக் கவர்ச்சியாகத் தோன்றுகின்றன. அங்குள்ள காட்சிச் சுவர்களில் நீர் படுவதில்லை என்பதை வாங்குவோர் கவனிப்பதில்லை. நீரில் இரும்பு மிகுந்திருந்தால் நிலைமை தலைகீழாகும். கிணற்றிலிருந்து தெளிவாக வரும் நீர் காற்றுப்பட்டதும் இரும்பு ஆக்சிசனேற்றமடைந்து துருநிறம் பெறுகிறது. அப்போது தூய வெள்ளைத் தரையும் கழிப்பறைக் கோப்பையும் மஞ்சள்பழுப்பாகின்றன. ஆகவே கடின நீருக்கு வெளிர்நிறங்களும், இரும்பு நீருக்கு மணல்நிறம், தந்தநிறம், வெளிர்பழுப்பு ஆகியவையும் பொருந்தும். இரண்டும் கலந்த நீருக்கு, ஒரே நிறமாக இல்லாமல் புள்ளியும் கோடும் கலந்த மங்கலான ஓடுகள் ஏற்றவை.

கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது சென்னையில் பரவலாக உள்ளது. கண்ணாடிப் பூச்சுள்ள ஓட்டை ஐதரோகுளோரிக் அமிலம் எளிதில் கெடுப்பதில்லை. ஆனால் ஓடுகளின் இடுக்கில் உள்ள வெள்ளைச் சிமெண்டை அது அரித்துவிடும். அரிக்கப்பட்ட இடுக்கு நீரை உறிஞ்சி விரைவில் கறுக்கிறது. ஆத்தங்குடி ஓடு, சிவப்பு ஆக்சைடுத் தரை, பளிங்கு ஆகியவற்றில் ஆசிட் படவே கூடாது. இடுக்குகளுக்குத் தொடக்கத்திலேயே சாம்பல்நிறக் கலவையைப் பயன்படுத்துவது செலவில்லாத தீர்வு.

சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்தல் மற்றொரு சிக்கல். மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பு ஈரத்துடன் மேலேறி, மேற்பரப்பில் வெண்துகளாக வெளிப்பட்டு பெயின்டை உரிக்கிறது. அடர்நிறங்களில் இது மிகுதியாகத் தெரியும் என்றாலும் வெளிர்நிறம் இதனைத் தடுப்பதில்லை. ஈரத்தின் வழியை அடைக்காமல் பட்டி பார்த்து மீண்டும் பூசுவது அடுத்த மழைக்காலம் வரையே நிற்கும். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்துடன் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பரவியபோது, எர்ணாவூர் போன்ற இடங்களில் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு படிந்தது. சுவர் உறிஞ்சிய எண்ணெய் மேற்பூச்சின் ஊடாக மீண்டும் கசியக்கூடியதாதலால், வெறும் நிறப்பூச்சு அதனை மறைப்பதில்லை.

சமையலறை

தமிழர் சமையலறையில் மிகக் கடினமான கறை மஞ்சள் ஆகும். அதிலுள்ள குர்குமின் காரத்துடன் சேரும்போது சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி நீர் சிவப்பாவது இதனாலேயே. சுண்ணாம்புச் சுவரில் தெறித்த சாம்பாரும், சவர்க்காரமிட்டுத் தேய்த்த கறையும் செம்பழுப்பாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். குர்குமின் வெயிலில் வெளுக்கும் என்பதால் சன்னலருகே உள்ள கறை தானே மங்கும். மூலையில் உள்ளது நிலைக்கும்.

அடுப்புக்குப் பின்புறச் சுவரில் கழுவத்தக்க ஓடு பதிப்பது பொதுவழக்கம். தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி அதற்கு மேலுள்ள சுவரிலும் கூரையிலும் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்வதால், அவ்விடத்துக்கும் கழுவத்தக்க பூச்சு தேவை. சமையல் மேடைக்குப் பயன்படும் கடப்பைக் கல் ஒரு சுண்ணக்கல் வகை. எலுமிச்சை, புளி ஆகியவற்றின் அமிலம் பட்ட இடம் கறுப்பு மங்கி வெளுத்துவிடும். கறுப்பு கிரானைட்டுக்கு இக்குறை இல்லை; ஆனால் கறுப்பு மேடையில் எறும்பும் சிந்திய கடுகும் தெரிவதில்லை என்பது சமைப்போர் கூறும் குறை.

சமையலறை தென்கிழக்கில் அமைந்தால் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் உகந்தவை என வாஸ்து நூலார் கூறுவர். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. எனினும் வீட்டாரின் தேர்வில் இது பங்கு வகிக்கிறது.

ஒளியும் முதியோர் பாதுகாப்பும்

நெருக்கமாகக் கட்டப்பட்ட வீடுகளில் குளியலறைக்கு ஒரு சிறு காற்றுச்சாளரமே வாய்க்கிறது. வெள்ளைச் சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். அடர்நீலம் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. விளக்கும் நிறத்தை மாற்றும். 6500 கெல்வின் வெண்விளக்கில் எடுப்பாகத் தெரியும் நீலமும் பச்சையும் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் மங்கும். எனவே மாதிரி ஓட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த அறையின் விளக்கிலேயே நனைத்துப் பார்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

முதியோர் உள்ள வீட்டில் தரை, சுவர், கழிப்பறைக் கோப்பை மூன்றும் வெள்ளையாக இருப்பது ஆபத்தானது. கண்புரை உள்ளவர்க்கு வெளிர்நிறங்களுக்கு இடையேயான எல்லை புலப்படாமல், படி இருப்பதும் கோப்பையின் விளிம்பும் தெரியாமற்போகலாம். தரையைச் சுவரைவிட அடர்த்தியாகவும், படியின் ஓரத்தையும் கைப்பிடியையும் வேறுநிறத்திலும் அமைப்பது விழுவதைத் தவிர்க்க உதவும்.

பழைய பெயின்டில் ஈயம்

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிற எனாமல் பெயின்டுகளில் ஈயக் குரோமேட்டு போன்ற ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் பயன்பட்டன. இந்தியாவில் 2016இல் வெளியான விதிகளின்படி, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயின்டுகளுக்கு இவ்விதி பொருந்தாது. ஆகவே அவற்றில் எஞ்சியதை வீட்டுக் கதவுக்கும் அலமாரிக்கும் பூசுதல் தகாது.

குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் நிலைப்பாடு. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுள்ள சமையலறைக் கதவு, சன்னல்களை உப்புத்தாளால் உலரத் தேய்த்தாலோ எரித்து உரித்தாலோ ஈயத் தூசியும் புகையும் பரவும். நீர் தொட்டுத் தேய்த்தல், உணவுப் பொருட்களை முன்னதாக அகற்றுதல், பணி முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் வேறிடத்தில் இருக்கச் செய்தல், ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவை வேண்டும். பழைய பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால், அதன்மீதே புதிய பூச்சிடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது.