நீலகிரி முகட்டுக் கற்குவைகள்

கோடை விடுமுறையில் ஒரு தடவையாவது ஊட்டிக்குப் போகாத பெங்களூர்த் தமிழ்க் குடும்பம் உண்டா? பூங்கா, படகுச் சவாரி, வர்க்கி என்று நாமும் சுற்றிவிட்டு வந்துவிடுகிறோம். அதே மலையின் முகடுகளில் பழங்கால மக்கள் தம் இறந்தோருக்கு எழுப்பிய கற்குவைகள் இருப்பதைப் பலர் அறியார்.

பார்த்தால் வெறும் கல் குவியல்தான். சிலவற்றுக்குக் கிணற்றுச் சுவர்போல வட்டமாகக் கல் அடுக்கியிருப்பார்கள். உள்ளே எரித்த எலும்பும் சாம்பலும் இட்ட மண்கலங்கள்; கூடவே இரும்புக் கத்தி, ஈட்டிமுனை, வெண்கலக் கிண்ணம், மணிகள். கலங்களின் மூடிகளில் எருமையும் குதிரையும் மனிதரும் மண்ணுருவாக நிற்கும் அழகே தனி!

1847இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இவற்றைப் பற்றி எழுதினார். பிறகு நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் பல குவைகளைத் தோண்டினார். 1872இல் அவர் மறைய, மறு ஆண்டு அவர் நூல் வெளிவந்தது. கிடைத்த பொருள்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும், இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இவை யாருடையவை? எருமை உருவங்களைக் கண்டு, எருமையே செல்வமான தோடரின் முன்னோருடையவை என்றார் சிலர். இல்லை என்றார் வேறு சிலர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. காரணம் எளிது: அந்நாளில் பலரும் பானையைத்தான் தேடினார்கள்; எது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை. நம் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் 1947இல் வீலர் ஈமக்குழிகளையும் குடியிருப்பையும் மண்ணடுக்கு மண்ணடுக்காக அளந்து தோண்டினார். அதனால்தான் அங்கே எந்தக் காலத்துக்குப் பின் எது வந்தது என்று வரிசைப்படுத்த முடிந்தது.

பாலை வழியில் மாண்டவரை மூடிய கற்குவையைச் சங்கப் புலவர்கள் ‘பதுக்கை’ என்றார்கள். நீலகிரிக் குவைகளும் அவையும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இறந்தவர்மேல் கல்லைக் குவிக்கும் வழக்கம் நம் மொழிக்குப் புதிதல்ல.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை மலையேறும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். உட்கார வாகாக இருக்கிறதே என்று அங்கே ஒரு கல்லைக்கூடப் புரட்ட வேண்டாம். எழுத்து எதையும் விட்டுச் செல்லாத அம்மக்களுக்கு, அந்தக் கல் இருக்கும் இடம்தான் சாட்சி. அதைக் கலைத்துவிட்டால், லண்டனில் எத்தனை கலம் இருந்தும் பயனில்லை.