பயணம் செய்யும் ரத்தம்: தாம்பரம் வட்டாரத்தில் சர்க்கரைப் பரிசோதனையின் வரலாறு

உடலிலிருந்து எடுத்த ரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் சர்க்கரையைச் செலவிட்டுக்கொண்டே இருக்கும். அதிலுள்ள சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குளுக்கோஸைச் சிதைத்துத் தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகின்றன. இந்தச் சிதைவுக்குக் கிளைகாலிசிஸ் என்று பெயர். அறை வெப்பநிலையில் வைத்த ரத்தத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு குளுக்கோஸ் குறையும். வெயில் ஏறினாலோ, வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தாலோ இழப்பு வேகமாகும். வெறும் வயிற்றில் 130 மில்லிகிராம் சர்க்கரை உள்ள ஒருவரின் ரத்தம், எந்தப் பாதுகாப்பும் இன்றி இரண்டு மணி நேரம் கிடந்தால் 115 அளவில்தான் எண் வரும். நீரிழிவின் எல்லை 126. எனவே நோய் உள்ளவரின் அறிக்கை, நோய்க்கு முந்தைய நிலை என்று சொல்லிவிடும்.

எடுத்து வைத்த ரத்தத்தில் சர்க்கரை தானாக மறைவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோட் பெர்னார் கண்டறிந்தார். 1890களில் அதே நாட்டின் ரஃபேல் லெப்பீன் அதை விரிவாக ஆராய்ந்தார். ஆனால் மருத்துவமனைகளில் ரத்தச் சர்க்கரையை அளப்பது அன்று அரிது. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் கொதிக்க வைத்து, நீலம் பச்சையாகவும் மஞ்சளாகவும் செங்கல் நிறமாகவும் மாறுவதைப் பார்த்துச் சர்க்கரையை மதிப்பிடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

தாம்பரத்தின் மருத்துவ வரலாறு காசநோயிலிருந்து தொடங்குகிறது. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய் சானடோரியத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நீரிழிவுக்கென்று தனி மருத்துவம் இந்தப் பாதையின் மறுமுனையில், வடசென்னையில்தான் வேரூன்றியது. 1948-இல் டாக்டர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் அவருடைய நீரிழிவு மருத்துவமனை எழுந்தது.

அந்தக் காலத்தில் சோதனைக்காகப் பயணம் செய்தவர் நோயாளி. பரிசோதனைக்கூடம் மருத்துவமனைக்குள்ளேயே இருந்ததால் எடுத்த ரத்தம் சில அடி தூரம்தான் சென்றது. 1919-20இல் வெளிவந்த ஃபோலின்–வூ முறையில் முதல் வேலையே ரத்தத்தின் புரதங்களை வீழ்படியச் செய்து வடிகட்டுவது. புரதங்களோடு நொதிகளும் போய்விடுவதால் வடிகட்டிய நீரில் சர்க்கரை அப்படியே நின்றது. வேலை கடினமானது, ஆயினும் தாமதத்தால் வரும் பிழைக்கு அதில் இடம் குறைவு.

இந்த நிலையை மாற்றியவை இரண்டு. 1957-இல் சந்தைக்கு வந்த ஆட்டோஅனலைசர் என்னும் தானியங்கிக் கருவியும் அதன் வழிவந்தவையும் ஒரே நாளில் பெருந்தொகையான சாம்பிள்களைச் சோதிக்க வழிசெய்தன. விலையுயர்ந்த கருவிக்கு நாள் முழுதும் வேலை கொடுக்க வேண்டும். அதனால் பல இடங்களின் ரத்தம் ஒரே மைய ஆய்வகத்துக்குச் செல்வது சிக்கனமானது. மற்றொன்று ஊரின் விரிவு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் 2021-இல் ஒரே மாநகராட்சியாயின. இத்தனை பரந்த ஊருக்குத் தெருமுனைச் சேகரிப்பு மையங்களும், காலை ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஏற்பாடும் பெரும் உதவி. முதியவர் வெறும் வயிற்றோடு பேருந்து ஏற வேண்டியதில்லை. ஆனால் அவருக்குப் பதிலாக இப்போது ரத்தம் பயணம் செய்கிறது. பல வீடுகளில் எடுத்துச் சேரும் வரை காத்திருந்து, காலை நேர நெரிசலில் ஜி.எஸ்.டி. சாலையையும் வேளச்சேரி சாலையையும் கடந்து அது ஆய்வகத்தை அடைய வேண்டும்.

பயணத்துக்குப் பாதுகாப்பாக வந்தது சாம்பல் நிற மூடியிட்ட குழாய். ரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் ஆக்சலேட்டும், சிதைவைத் தடுக்கச் சோடியம் ஃபுளோரைடும் அதில் இருக்கும். ஃபுளோரைடைச் சர்க்கரைக் காப்பாகப் பயன்படுத்துவது 1920களிலிருந்தே தெரிந்த முறை. அது ஈனோலேஸ் என்ற நொதியை முடக்குகிறது என்பதை 1940களின் தொடக்கத்தில் ஓட்டோ வார்பர்க் விளக்கினார். குறை இங்கேதான் இருக்கிறது. ஈனோலேஸ், கிளைகாலிசிஸின் கடைசிப் படிகளில் ஒன்று. அது அடைபட்டாலும் முன்படிகள் சிறிது நேரம் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே ஃபுளோரைடு முழுமையாக வேலை செய்ய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. அதன் பிறகு எண் மாறாமல் நிற்கும்; அதற்குள் குறைந்தது குறைந்ததுதான். சாம்பல் மூடிக் குழாயில் எடுத்துவிட்டால் அவசரமில்லை என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை.

எல்லை அளவு உயரமாக இருந்தவரை இந்தச் சிறிய இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. 1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் நோய் எல்லையை 140-லிருந்து 126-ஆகக் குறைத்தது. 2003-இல் இயல்பு அளவின் மேல் எல்லை 110-லிருந்து 100-ஆக இறங்கியது. ஆரம்ப நிலையிலேயே நோயைப் பிடிப்பதற்கான மாற்றங்கள் இவை. எல்லைகள் நெருங்கிய பிறகு, ஏழெட்டு மில்லிகிராம் வேறுபாடே ஒருவரை ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளப் போதுமானது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (INDIAB) ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. இத்தனை பேரைத் தொடும் நோயில், சிறு பிழையும் பல குடும்பங்களின் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடும்.

தீர்வுகள் தெளிவானவை. ரத்தம் எடுத்த உடனே குழாயைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, 30 நிமிடத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும் என்பது 2011-இல் வந்த அமெரிக்க ஆய்வக வழிகாட்டுதல். அது முடியாத இடங்களுக்குச் சிட்ரேட் கலந்த குழாயை அது பரிந்துரைத்தது. சிட்ரேட் ரத்தத்தை அமிலமாக்கிச் சிதைவின் முதல் படிகளையே உடனடியாக நிறுத்துகிறது. சேகரிப்பு மையத்திலேயே ஒரு சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் பயணம் செய்வது செல்கள் நீங்கிய பிளாஸ்மாவாக இருக்கும்; அதில் சர்க்கரை குறையாது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. சோதனையைச் சில மணி நேரத் தாமதம் பாதிப்பதில்லை. ஆனால் ரத்தசோகை அதன் எண்ணைத் திரிக்கக்கூடும்.

வீடு வீடாகச் செல்லும் பணியில், விரல் நுனியில் எடுத்த ரத்தத்தை அங்கேயே குளுக்கோமீட்டரில் அளப்பது தாமதத்தை அறவே நீக்குகிறது. 2001-இல் சென்னையில் தொடங்கிய க்யூர்ஸ் ஆய்வு 26,001 பேரை இவ்வாறு சோதித்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் ஊழியர் கையில் இருப்பது அந்தக் கருவிதான். ஆனால் குளுக்கோமீட்டரின் துல்லியம் ஆய்வகத்தினுடையதை எட்டாது. நோயை உறுதிசெய்ய சிரையில் எடுத்த ரத்தமே வேண்டும். அந்த ரத்தத்தை எடுத்த நேரம், பிளாஸ்மா பிரித்த நேரம், குழாயின் வகை ஆகிய மூன்றும் அறிக்கையில் எண்ணோடு சேர்ந்து இடம்பெறுவது அவசியம். எல்லையை ஒட்டிய எண்ணைப் பார்க்கும் மருத்துவர், சோதனையைத் திரும்பச் செய்யலாமா என்று முடிவெடுக்க அவை மூன்றும் தேவை.