சேத்துப்பட்டு சொன்ன பாடம்

குமணன்சாவடி வழியாக வரும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கிழக்கே போனால் சேத்துப்பட்டு பக்கம் வந்துவிடலாம். காசநோயாளிகளின் வாழ்க்கையை மாற்றிய ஊர் அது.

ஒரு காலத்தில் காசநோய் என்றாலே மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கைதான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கியதும் அப்படி ஒன்றே. ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். ஆனால் வேலை போகும், குடும்பம் பிரியும். படுக்கைகளும் போதவில்லை.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்து, பாதிப் பேரை வீட்டிலும் பாதிப் பேரை சானடோரியத்திலும் வைத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீடு, குறைவான சாப்பாடு என்றாலும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். கூட வசித்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகம் பரவவில்லை.

நோயாளிக்கு வீடு திரும்பக் கிடைத்தது. கூடவே ஒரு பொறுப்பும் வந்தது. உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். அதனால்தான் பிற்பாடு, ஒருவர் பார்க்க மருந்து சாப்பிடும் 'டாட்ஸ்' முறை வந்தது. அதற்கான ஆரம்ப ஆய்வுகளும் சேத்துப்பட்டில் நடந்தவையே.

இன்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வீடுகளில் உண்டு. அவர்களுக்கும் வீடுதான் ஆஸ்பத்திரி. நோயைப் பற்றித் தெரிந்துகொள்வதே பாதி வைத்தியம்.