ஜூபிட்டர் மென்பொருள்: பெயரும் சின்னமும்

ஜூபிட்டர் என்பது நிரல், அதன் விடை, வரைபடம், விளக்கவுரை ஆகியவற்றை ஒரே ஆவணத்தில் வைத்திருக்கும் கணினிக் குறிப்பேட்டை வழங்கும் திறமூல மென்பொருள் திட்டமாகும். இதன் பெயரும் சின்னமும் 1610 ஆம் ஆண்டில் கலிலியோ கலிலி வியாழன் கோளை நோக்கி எழுதிய குறிப்புகளை நினைவுகூர்கின்றன.

பெயர் மாற்றம்

கொலம்பியாவில் பிறந்த இயற்பியலாளர் பெர்னாண்டோ பெரெஸ் 2001 இல் ஐபைத்தான் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். 2011 இல் உலாவியில் இயங்கும் குறிப்பேடு அதனுடன் சேர்ந்தது. அதன் கட்டமைப்பு பைத்தானை மட்டும் சார்ந்ததன்று. ஜூலியா, ஆர் ஆகிய மொழிகளையும் அதில் இயக்க முடிந்தது. ஆயினும் பெயர் பைத்தானையே சுட்டியது. எனவே 2014 இல் மொழி சாராத பகுதிகளுக்கு ஜூபிட்டர் என்ற புதிய பெயர் அறிவிக்கப்பட்டது. பைத்தானுக்குரிய பகுதி ஐபைத்தானாகவே நீடித்தது.

வியாழனின் ஆங்கிலப் பெயரில் 'ஐ' எழுத்து வரும் இடத்தில் இங்கு 'ஒய்' எழுதப்படுகிறது. இதனால் ஜூலியாவின் முதல் இரண்டு எழுத்துகள், பைத்தானின் முதல் இரண்டு எழுத்துகள், இறுதியில் ஆர் என மூன்று மொழிகளும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

கலிலியோவின் குறிப்புகள்

1610 சனவரி 7 அன்று பதுவா நகரில் கலிலியோ தம் தொலைநோக்கி வழியே வியாழனருகே மூன்று சிறிய விண்மீன்களைக் கண்டார். இரண்டு கிழக்கிலும் ஒன்று மேற்கிலும் இருந்தன. மறுநாள் மூன்றும் மேற்கில் நின்றன. சனவரி 13 அன்று நான்காவதும் தெரிந்தது. அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். எல்லா விண்பொருள்களும் புவியையே சுற்றுகின்றன என்ற கருத்தை இது அசைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் வெனிசில் வெளியான தம் நூலில், நாள்வாரியான படங்களையும் விளக்கங்களையும் அவர் தந்தார். முடிவோடு சான்றும் அச்சேறியதால் பிறர் அதைச் சரிபார்க்க இயன்றது. அவ்வாண்டிலேயே கெப்லர் தாமே நிலவுகளைக் கண்டு உறுதிசெய்தார். சான்றையும் விளக்கத்தையும் ஒருங்கே வைக்கும் இம்முறையே கணினிக் குறிப்பேட்டின் நோக்கமுமாகும்.

சின்னம்

சின்னத்தில் மேலும் கீழுமாக அமைந்த இரண்டு செம்மஞ்சள் நிறப் பிறைகள் கோளின் உருவைத் தருகின்றன. நடுவில் பெயர் உள்ளது. சுற்றிலும் வெவ்வேறு அளவுள்ள மூன்று சாம்பல் நிற வட்டங்கள் நிலவுகளைக் குறிக்கின்றன. கலிலியோ கண்ட நிலவுகள் நான்கு எனினும், முதல் இரவில் அவர் கண்டவை மூன்றே.

பெயரும் சான்றும்

கலிலியோ அந்நிலவுகளுக்குப் புரவலரான மெடிச்சி குடும்பத்தின் பெயரைச் சூட்டினார். அப்பெயர் நிலைக்கவில்லை, 1614 இல் சைமன் மாரியசு வெளியிட்ட ஐஓ, யூரோப்பா, கனிமீடு, கலிசுடோ என்பனவே இன்று வழங்குகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்திலிருந்த, வியாழன் நிலவுகள் பற்றிய கலிலியோவின் கைப்பிரதி எனக் கருதப்பட்ட தாள் போலி என 2022 இல் அறிவிக்கப்பட்டது. அதன் தாளின் நீர்க்குறி கலிலியோவின் காலத்துக்குப் பிற்பட்டது. ஆயினும் கண்டுபிடிப்பு அத்தாளை நம்பி நிற்கவில்லை. அச்சான நூலும் புளோரன்சு தேசிய நூலகத்திலுள்ள கைப்பிரதிகளும் அதற்குச் சான்றாக உள்ளன.