பட்டியல் அட்டையில் ஒரு தீர்ப்பு

நூலகப் பட்டியல் நடுநிலையானது என்றே நாம் நம்பி வந்திருக்கிறோம். 1940களின் இறுதியில், தம்மை அறியும் பொருட்டு அமெரிக்க நூலகங்களில் தேடிய மாணவி பார்பரா கிட்டிங்ஸுக்கோ, தன்பாலீர்ப்பு பற்றிய நூல்கள் பிறழ்வு, வக்கிரம் முதலிய தலைப்புகளின் கீழேயே கிடைத்தன. தூயி பகுப்பு முறையிலும் மருத்துவத்தின் 616.8583ஆம் எண் நெடுங்காலம் இப்பொருளுக்கு இடமாயிருந்தது.

1970இல் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் தன்பாலீர்ப்பினர் விடுதலைக்கான பணிக்குழு தோன்றியது. அடுத்த ஆண்டே அதற்குப் பொறுப்பேற்றவர், நூலகர் அல்லாத அதே கிட்டிங்ஸ். 1971இல் வெளிவந்த தம் நூலில் சான்ஃபோர்ட் பெர்மன், 'தன்பாலீர்ப்பு' என்று தேடியவரைப் 'பாலியல் வக்கிரம்' என்னும் தலைப்புக்கு அனுப்பிய குறிப்பைக் கண்டித்தார். 1972இல் காங்கிரஸ் நூலகம், 'இயல்பற்ற பாலுறவுகள்' என்ற பிரிவிலிருந்து அதை வெளியே எடுத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து அதை நீக்கத் தீர்மானித்ததோ 1973 டிசம்பரில்தான்.

மருத்துவம் தயங்கி நின்ற இடத்தில் நூலகம் ஓரடி முன்னே வைத்தது. நூலுக்கு எண்ணிடும்போது அதைத் தேடி வருவோரையும் நாம் வகைப்படுத்திவிடுகிறோம் என்பதை மறத்தலாகாது.